நான் ஜெராக்ஸ் எடுக்காத புத்தகம்

ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து வல்லக்கோட்டை போகிற பாதையில் ஏழு வருஷம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். நான் ஒன்பதாவது வரைக்கும் படித்தவன். ஆனால் என் கைவழியாகப் போன படிப்பு கொஞ்சமில்லை. கம்பெனி வேலைக்குத் தெற்கேயிருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகளின் மார்க் ஷீட், டிசி, பயோடேட்டா எல்லாம் என் கண்ணாடி மேல் படுத்து எழுந்துதான் கம்பெனி கேட்டுக்குள் போகும். காலையில் கடை திறந்ததும் முருகன் படத்துக்கு ஊதுபத்தி காட்டி, அதே ஊதுபத்தியை மெஷினுக்கும் ஒரு சுற்று காட்டி, அப்புறம்தான் சுவிட்ச் போடுவேன்.

கடை போட்ட இரண்டாம் வருஷம் ஒரு தப்பு செய்தேன். பாலிடெக்னிக் படிக்கிறவர்கள் ஒரு பாடப்புத்தகத்தைக் கொண்டுவந்து பதினைந்து செட் கேட்டார்கள். அட்டையிலிருந்து அட்டைவரை எடுத்து, ஸ்பைரல் போட்டுக் கொடுத்தேன். தப்பு என்றே எனக்குத் தெரியாது. கேட்டதை எடுத்துக் கொடுப்பதுதானே கடை? பத்து நாள் கழித்துப் புத்தகக் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் ஒரு போலீஸ்காரரோடு வந்து நின்றார்கள். அன்றைக்கு முழுக்க ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். யாரும் அடிக்கவில்லை. சத்தம்கூடப் போடவில்லை. வந்தவர்களில் ஒருவர் மட்டும், இந்தப் புத்தகத்தை எழுதின வாத்தியார் இதை நம்பித்தான் வீட்டில் உலை வைக்கிறார் என்று சொன்னார். அடித்திருந்தால் மறந்திருப்பேன். அது சுட்டது.

அந்த மாசக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டைக்கு நடந்தே போனேன். சன்னதிக்கு எதிரில் கற்பூரத்தின் மேல் கை வைத்து, முருகா, இனிமேல் ஒரு முழுப் புத்தகத்தை நான் எடுக்க மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு வந்தேன். கடையில் அட்டை எழுதித் தொங்கவிட்டேன். பத்துப் பக்கம் கேட்டால் எடுப்பேன், பதினொன்று கேட்டால் கையெடுத்துக் கும்பிடுவேன். அந்தப் பக்கத்தில் எனக்கு 'பத்துப் பக்க அண்ணன்' என்றே பெயராகிவிட்டது. கேலிதான், ஆனால் எனக்கு அதில் ஒரு நிம்மதி இருந்தது.

இப்படி மூன்று வருஷம் நல்லபடியாகப் போனபோதுதான் என் வீட்டுக்காரி பயிற்சியில் சேர்ந்தாள்.

அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பத்தாவதில் கணக்கில் பெயிலானவள். மறுபடி எழுதி மறுபடியும் பெயில். அதற்குள் எனக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். சமையலிலோ சாமர்த்தியத்திலோ அவளை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் 'தேர்ச்சி' என்று தன் பெயருக்கு நேரே எழுதின ஒரு காகிதம் அவளிடம் கிடையாது. நாள் முழுக்க ஊரார் சர்டிபிகேட்டை நகல் எடுக்கிறவன் பெண்டாட்டிக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. அவளும் சொன்னதில்லை.

பஞ்சாயத்து ஆபீஸ் மாடியில் அரசாங்கச் செலவில் மூன்று மாசப் பயிற்சி, பெண்களுக்கு இலவசம், பாஸானால் சர்டிபிகேட், கம்பெனிக்காரர்களே வந்து ஆள் எடுப்பார்கள் என்று மகளிர் குழுவில் சொன்னார்களாம். காருக்குள் ஓடும் ஒயர்களை எல்லாம் அளவாக வெட்டி, முனையில் தகட்டைக் கவ்வவைத்து, கட்டாகச் சேர்த்து டேப் சுற்றும் வேலை. ஒயரிங் ஹார்னஸ் என்பார்கள். முப்பத்தைந்து வயது வரைக்கும் சேரலாம். இவளுக்கு முப்பத்து மூன்று. என்னிடம் கேட்கக்கூட இல்லை, பெயர் கொடுத்துவிட்டு வந்துதான் சொன்னாள். எனக்குச் சந்தோஷம்தான். மகள் பள்ளிக்கூடம் போனதும் அவளும் டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு கிளம்புவதைப் பார்க்கவே நன்றாக இருந்தது.

முப்பது பெண்கள் சேர்ந்தார்கள். புத்தகம் வந்தது ஆறு. மிச்சம் வரும் வரும் என்றார்கள், வரவில்லை. ஐந்து பேருக்கு ஒரு புத்தகம் என்று குழு பிரித்து, ஆளுக்கு ஒரு நாள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று வைத்தார்கள். பயிற்சி கொடுத்த அம்மாள் திருநெல்வேலிப் பக்கம், டிப்ளமா படித்துவிட்டு இரண்டு வருஷம் லைனில் வேலை பார்த்த சின்ன வயசுப் பெண். தேவைப்படுகிறவர்கள் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம் என்று அவர்தான் சொன்னாராம். உடனே இருபத்தொன்பது தலையும் என் வீட்டுக்காரி பக்கம் திரும்பியிருக்கிறது.

அவள் முறை வந்த அன்றைக்குப் புத்தகத்தோடு நேராகக் கடைக்கு வந்தாள். எண்பத்து நாலு பக்கம். நான் அட்டையைக் காட்டினேன். அவள் சிரித்தாள், நான் விளையாடுகிறேன் என்று நினைத்து. பத்துப் பக்கம் எடுத்துத் தருகிறேன் என்றேன். சிரிப்பு நின்றது. என்ன பத்துப் பக்கம், யாருக்கு எந்தப் பத்துப் பக்கம் என்று கேட்டாள். இது அரசாங்கப் புத்தகம், யாரும் கேட்க மாட்டார்கள் என்றாள். கேட்பது யார் என்பதல்ல, சத்தியம் செய்தது யாரிடம் என்பதுதான் என்றேன். அவள் சாதாரணமாக என்னை 'நீங்க' என்றுதான் சொல்வாள். கோபம் வந்தால் 'நீ'க்கு இறங்கிவிடுவாள்.

"சரி, உன் சாமிய நீயே வச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் உலை கொதிக்கும் பக்கத்திலேயே மகளுடைய கலர் பென்சில் டப்பாவை வைத்துக்கொண்டு, நாற்பது பக்க நோட்டில் புத்தகத்தைப் பார்த்து எழுத ஆரம்பித்தாள். படம் படமாக வரைந்தாள். சிவப்பு ஒயருக்குச் சிவப்பு, பச்சைக்குப் பச்சை. பழுப்புப் பென்சில் தீர்ந்துபோய், கறுப்பையும் சிவப்பையும் மாற்றி மாற்றித் தேய்த்துப் பழுப்பு கொண்டுவந்தாள். நான் காப்பி டம்ளரோடு நின்று பார்த்தேன். அவள் நிமிரவில்லை. முறை வரும்போதெல்லாம் இப்படியே, ஒரு மாசத்துக்கு மேல் நடந்தது.

பரீட்சைக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, அவளோடு படித்துக்கொண்டிருந்த பக்கத்துத் தெரு அம்மாள் கடைக்கு வந்தார். சபைக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். ஆதார் நகல் ஒன்று எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நகராமல் நின்றார்.

"ஏண்ணா, வூட்ல மெஷின வச்சுகினு பொண்டாட்டிய கலர் பென்சில்ல எழுத வுட்ட ஆளு இந்த ஜில்லாவுலயே நீதான்" என்றார். "சத்தியமே பண்ணாதன்னு எங்க சபையில சொல்லுவாங்க. இதுக்குத்தான் போல."

என்ன நடந்தது என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. முன்தினம் வகுப்பில் ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். கனெக்டர் என்று ஒரு பிளாஸ்டிக் டப்பி. மேலே மூன்று ஓட்டை, கீழே மூன்று ஓட்டை. எந்தக் கலர் ஒயர் எந்த ஓட்டையில் என்று புத்தகத்தில் படம் இருக்கிறது. சரியாகச் சொருகிச் சோதனைப் பலகையில் மாட்டினால் ஆறு பல்பும் எரிய வேண்டும். என் வீட்டுக்காரிக்கு இரண்டுதான் எரிந்தது. பிடுங்கி மறுபடி சொருகினாள். மறுபடி இரண்டு. நோட்டைப் பார்த்துப் பார்த்து மூன்று தடவை செய்திருக்கிறாள்.

விஷயம் இதுதான். புத்தகத்துப் படம் டப்பியை முன்பக்கமிருந்து பார்த்தபடி போட்டது. ஒயர் சொருகுவது பின்பக்கமிருந்து. பின்னால் திருப்பினால் இடது வலதாகிவிடும். நடுவில் இருக்கும் இரண்டும் எப்படித் திருப்பினாலும் நடுவில்தானே இருக்கும், அதனால் அந்த இரண்டு பல்பு மட்டும் எரிந்திருக்கிறது. படத்துக்கு அடியில் 'இணைப்பானின் முகப்புத் தோற்றம்' என்று ஒரு வரி இருந்ததாம். கை வலித்ததாலும் அர்த்தம் விளங்காததாலும் அந்த வரியை இவள் நோட்டில் எழுதாமல் விட்டிருக்கிறாள். பரீட்சையில் இப்படிச் செய்தால் அதோடு பெயில்தான் என்று பயிற்சி அம்மாள் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து இவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கும் எனக்குப் பிடித்த காராமணிக் குழம்புதான் வைத்திருந்தாள்.

அந்த அம்மாள் போனபிறகு கடையை இழுத்து மூடிவிட்டுப் பஞ்சாயத்து ஆபீஸ் மாடிக்குப் போனேன். மூன்றாவது தடவையும் அவளைப் பெயிலாக்கப் போவது கணக்கு இல்லை, நான்தான் என்று மனசு அடித்துக்கொண்டது.

பயிற்சி அம்மாள் என்னை உட்காரச் சொன்னார். ஸ்டேஷன் கதையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதற்கே நான் நன்றி சொல்ல வேண்டும். புத்தகத்தின் உள்பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

"இதை வாசிங்க அண்ணே. இது மக்கள் வரிப்பணத்துல எழுதினது. யாரும் ஒளிச்சு எடுக்க வேண்டியதில்லை. எழுதினவங்களே எடுத்துக்கோன்னு எழுதிக் குடுத்திருக்காங்கல்லா."

வாசித்தேன். இந்தப் பாடநூலை யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம், தங்கள் தேவைக்கு ஏற்ப மாற்றியும் கொள்ளலாம், எங்கிருந்து எடுத்தது என்று மட்டும் குறிப்பிட வேண்டும் என்று இருந்தது. மறுபடி வாசித்தேன். எத்தனையோ புத்தகத்தின் உள்பக்கத்தைப் பார்த்தவன் நான். எல்லாவற்றிலும் 'கூடாது, கூடாது' என்றுதான் இருக்கும். 'எடுத்துக்கொள்' என்று சொன்ன புத்தகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். அன்னதானப் பந்தியில் இலை போட்டுக் கையைப் பிடித்து உட்காரவைத்த மாதிரி இருந்தது. இதே புத்தகம் இன்டர்நெட்டிலும் கிடக்கிறது, உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று வேறு சொன்னார்.

அவருக்குத் திருப்தி. எனக்குப் பாதிதான் திருப்தி. எழுதினவர்கள் விட்டுக் கொடுத்துவிட்டார்கள், சரி. முருகன் இன்னும் விட்டுக் கொடுக்கவில்லையே. சாமியிடம் சொன்னதைச் சாமியிடம்தான் கேட்க வேண்டும். அங்கிருந்தே வல்லக்கோட்டைக்கு பஸ் ஏறினேன்.

கோயில் வாசலில் பூ விற்கிற அம்மாளிடம் ஒரு சிவப்பு அரளியும் ஒரு வெள்ளை நந்தியாவட்டையும் கேட்டு, தனித்தனியாக இலையில் மடித்துக் கட்டித் தரச் சொன்னேன். வெள்ளை வந்தால் எடுக்கலாம், சிவப்பு வந்தால் கூடாது. சன்னதியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்து, அந்த அம்மாளையே ஒன்று எடுக்கச் சொன்னேன்.

"இன்னா, பொண்ணுக்கு வரன் பாக்கறியா?" என்றார்.

"இல்லம்மா. ஒரு புஸ்தகம்."

"புஸ்தகத்துக்கா பூ கட்டிப் பாக்கற?" என்று ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு, ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். இன்னொரு தடவை கட்டிப் பார்க்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. வெள்ளை வரும்வரை கேட்பதற்கு முருகன் என்ன லாட்டரிக் கடையா வைத்திருக்கிறான் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

வந்து பார்த்தால் மூடின கடை வாசலில் என் வீட்டுக்காரி நிற்கிறாள். நான் மாடிக்கு வந்து போனதையும் புத்தகத்தில் அனுமதி போட்டிருப்பதையும் பயிற்சி அம்மாள் அவளிடம் சொல்லியிருந்தார். பக்கத்துத் தெரு அம்மாளும் இன்னும் இரண்டு பேரும் புத்தகத்தோடு கூட நின்றார்கள். பேப்பர் பண்டல்கூட அவர்களே வாங்கி வந்திருந்தார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். சிவப்பு வந்ததையும் சொன்னேன். பிறகு அவள்தான் மெதுவாகக் கேட்டாள்.

"யாரு எடுக்கறதுக்கு பூ கட்டிப் பாத்தீங்க?"

"நான் எடுக்கறதுக்கு."

"சத்தியம் பண்ணது?"

"நான்தான்."

"அப்ப எனக்கு சாமி ஒண்ணும் சொல்லல" என்றாள். "சாவிய குடுத்துட்டு நவுருங்க."

நான் மதியம் சாப்பிடப் போகும்போதெல்லாம் அவள்தானே கடையைப் பார்த்துக்கொள்வாள். மெஷின் அவளுக்குப் புதிதில்லை. ஊதுபத்தி ஏற்றினாள், சுவிட்ச் போட்டாள். நான் ரோட்டைத் தாண்டி எதிர் டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். என் கடைக்கு நானே வேற்றாளாக உட்கார்ந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. டீக்கடைக்காரர் என்ன விசேஷம் என்றார். விரதம் என்றேன்.

பழைய மெஷின், நூறு பக்கத்துக்கு ஒருதரம் சூடாகிவிடும். இங்கிருந்தே கையைக் காட்டி ஓய்வு கொடுக்கச் சொன்னேன். ஒருதரம் பேப்பர் மாட்டிக்கொண்டது. பக்கத்துத் தெரு அம்மாள் ரோட்டுக்கு வந்து, "அண்ணா, சிக்கின பேப்பர எடுக்கலாமா, அதுக்கும் பூ கட்டணுமா?" என்று கத்தினார். டீக்கடையே சிரித்தது. நானும் யோசித்துப் பார்த்தேன். மாட்டின பேப்பரை உருவுவது புத்தகம் எடுப்பதாகாது. போய் உருவிக் கொடுத்துவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

எடுக்க ஆரம்பிக்கும் முன்னால் அவள் ஒரு காரியம் செய்திருந்தாள், எனக்குப் பிறகுதான் தெரியும். தேவைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம் என்று போட்டிருக்கிறதே என்று, அந்தக் கனெக்டர் படத்துக்கு ஒரு நகல் எடுத்து, அதற்குக் கீழே கறுப்புப் பேனாவால், 'படம் முன்னாடி பார்த்தது. ஒயர் பின்னாடி சொருகும்போது இடது வலது மாறும், பார்த்துச் சொருகு' என்று குண்டுக் கையெழுத்தில் எழுதி, அந்தத் தாளை வைத்துத்தான் மிச்சம் எல்லா நகலும் எடுத்தாள். இரண்டு நாளில் இருபத்து நாலு புத்தகம் ஆனது. ஸ்பைரல் போடவில்லை. ஓரத்தில் ஓட்டை போட்டு, ஒயர்க்கட்டுக்குப் போடும் பிளாஸ்டிக் பட்டையாலேயே இறுக்கிக் கட்டினார்கள். அந்தக் கட்டை இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

பயிற்சி அம்மாள் அந்த வரியைப் பார்த்துவிட்டு, இதை எழுதினது யார் என்று கேட்டாராம். இவள் பயந்துகொண்டே எழுந்து நின்றிருக்கிறாள். அவர் தன்னுடைய அசல் புத்தகத்தைக் கொடுத்து அதிலும் எழுதச் சொன்னாராம். அடுத்தடுத்த பேட்ச் பெண்களும் என் கடைக்கு வந்தார்கள். உள்பக்கத்தில் அந்த அனுமதி இருக்கிறதா என்று முதலில் வாசித்துப் பார்ப்பேன். இருந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போவேன். அவர்கள் கட்டிக்கொண்டு போன புத்தகத்திலெல்லாம் என் வீட்டுக்காரி கையெழுத்து இருந்தது.

பரீட்சை அன்றைக்கு நான் வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள். வெளியூரிலிருந்து வந்த அதிகாரி ஆளுக்கு ஒரு பலகை கொடுத்து, இருபது நிமிஷம் கொடுத்தாராம். இவளுக்கு வந்தது அதே ஆறு ஓட்டை டப்பி. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, டப்பியைத் திருப்பிப் பிடித்து, முருகா என்று ஒவ்வொன்றாகச் சொருகி, ஒவ்வொன்றும் 'டிக்' என்று மாட்டின சத்தத்தை எண்ணினாளாம். ஆறு. பலகையில் மாட்டினாள். சாயங்காலம் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் கேட்கப் பயந்துகொண்டு யாருடையதோ டிசியை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஆறும் எரிஞ்சிதுங்க" என்றாள்.

ஒரு மாசத்தில் சர்டிபிகேட் வந்தது. அதற்கடுத்த மாசம் மாத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் எடுத்துக்கொண்டார்கள். காலை ஷிப்டுக்கு வேன் வரும். கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, நெற்றியில் விபூதியோடு ஏறுவாள். கால் வலி இருந்தது, லைன் சூப்பர்வைசரோடு சண்டை இருந்தது, ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லப் பழகவே ஆறு மாசம் ஆனது. ஆனாலும் அந்த வருஷங்களில் எங்கள் வீட்டில் ஒரு கலகலப்பு இருந்தது. முருகன் என் சத்தியத்தையும் காப்பாற்றினான், அவள் படிப்பையும் காப்பாற்றினான் என்றே இன்றைக்கும் நம்புகிறேன். வேறு விதமாகச் சொல்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை.

அவள் வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்த ஜூன் மாசம் மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போனோம். விண்ணப்பத்தை நான்தான் பூர்த்தி செய்துகொண்டிருந்தேன். தகப்பன் பெயர், தொழில், கல்வி எழுதியாயிற்று. தாயின் கல்வித் தகுதி என்ற இடம் வந்ததும் என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டாள். கட்டம் சின்னது. பத்தாம் வகுப்புவரை என்று ஆரம்பித்து, ஒயரிங் ஹார்னஸ் பயிற்சி, தேர்ச்சி என்று அவள் எழுதி முடிக்கும்போது எழுத்து கட்டத்தைத் தாண்டி, பக்கத்து ஓரத்தைத் தொட்டு, கொஞ்சம் கீழேயும் இறங்கியிருந்தது. பள்ளிக்கூட எழுத்தர் அதைப் பார்த்து, கட்டத்துக்குள்ளே எழுதக் கூடாதாம்மா என்றார்.

"கட்டம் பத்தலீங்க சார்" என்று சொல்லிவிட்டு, பேனாவை மூடி என் சட்டைப் பையில் செருகினாள்.